பிட்ஸ்பர்க்கில் சொன்ன பொய்

அன்புள்ள அப்பாவுக்கு,

சுபலட்சுமி வணங்கி எழுதுவது. பிரஷர் மாத்திரை தவறாமல் போடுகிறீர்களா? நான் நலம்.

விடுமுறையில் அறைக்குள் இருப்புக்கொள்ளவில்லை. தோழிகள் நியூயார்க் கிளம்ப, நான் தனியாக பிட்ஸ்பர்க் போனேன். யாரும் பெரிதாகச் சொல்லாத ஊர்தான். ஆனால் மூன்று ஆறுகள், பார்க்கும் பக்கமெல்லாம் பாலங்கள். மலைமேல் ஏறிப் பார்த்துவிட்டு, கம்பியில் இழுக்கும் ரயில்பெட்டியில் திரும்பி இறங்கும்போது, புளியங்குடிக்கார அத்தை ஒருவர் பேச்சுக் கொடுத்தார்.

"ஒத்தையிலயா வந்திருக்க?"

"இல்லத்தை, அப்பா கீழ நிக்காவ" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப பாத்துட்டே போறேன்" என்று அவர் கூடவே வந்தார். கீழே இறங்கியதும், இல்லாத உங்களை நானும் கூட்டத்தில் தேடினேன். அத்தை என் தோளைத் தட்டிச் சிரித்தார். வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டார்.

கவலைப்படாதீர்கள். நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புங்கள். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டுவிட்டீர்களா? போட்டோ எடுக்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். பஸ் வந்துவிட்டது, ஏறுகிறேன்.

உங்கள் மகள்,
சுபலட்சுமி