பா. யுவராணியும் க. யுவராணியும்

கடமலைக்குண்டு
5.2.2025

அன்பு மருமகள் யுவராணிக்கு உன் தாய்மாமன் பிச்சைமணி எழுதிக்கொள்வது. இங்கன நான், உங்கம்மா, என் இலவம்பஞ்சு வியாபாரம், மூணும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைத்தான் நான் புத்தகமாவே பார்த்துட்டேனே!

போன்ல சொல்லியிருப்பேன். ஆனா உங்கம்மா போனை ஸ்பீக்கர்ல போட்டு அரிசி டப்பா மேல வச்சுட்டு அடுப்படியிலிருந்து பேசுற ஆளு. நான் அலோங்கிறது தெருமுக்கு வரைக்கும் கேட்கும். இது ரகசியமான சந்தோசம். அதனாலதான் கடுதாசி, கூடவே கூரியர்ல ஒரு பார்சல்.

பொங்கலுக்கு நீ சொன்னேல்ல, "ஆய்வேட்டைக் கொடுத்து வைவாவும் முடிஞ்சது மாமா, இனி யாரு வேணும்னாலும் படிக்கிற மாதிரி நெட்டுல ஏத்திருவாங்க"ன்னு? அன்னிக்கே சுரேஷ்கண்ணன் கம்ப்யூட்டர் சென்டர்ல போய் உட்கார்ந்துட்டேன். அவன் ஒரு பேரைச் சொன்னான். சோத்கங்காவாம்.

"ஏலே, படிப்பைக் கேட்டா சோத்தைக் காட்டுற?"ன்னேன்.

"சோறு இல்ல பெரியப்பா, சோத். ஆராய்ச்சின்னு அர்த்தம். டாக்டர் பட்டத்துக்கு எழுதுனது லட்சக்கணக்குல இதுக்குள்ள கிடக்கு"ன்னான்.

ஆத்தா, வைகை அணையில எல்லா மதகையும் ஒண்ணாத் திறந்த மாதிரி இருந்துச்சு! கம்பம் திராட்சைக்கு ஒருத்தர், மேகமலை ஏலக்காயில விழுகிற பூச்சிக்கு ஒருத்தி, ஆண்டிபட்டித் தறிக்கு ஒருத்தர். தேனி மாவட்டத்துல பைக் வாங்குறவுக மனசுல என்ன நினைக்கிறாகன்னு ஒருத்தர் ஊர் ஊராக் கேட்டு எழுதியிருக்காரு. அதுல முதல் ஆளு நான்தான். பேரு போடலை. ஆனா பதிலைப் பார்த்தாலே தெரியுது, வேற யாருக்கும் அந்த அறிவு வராது.

ஒரு புத்தகத்தை அப்படியே வைக்கலை, துண்டு துண்டா வச்சிருக்காக. தலைப்பு தனி, நன்றி தனி, ஒவ்வொரு அத்தியாயமும் தனி. நான் நன்றியை மட்டும் திறப்பேன். மனுசன் அதுலதான் இருக்கான், மத்ததெல்லாம் கட்டம் போட்டு எண்ணு. சுரேஷ்கண்ணன் இங்கிலீசைப் படிப்பான், நான் அவனுக்கு அர்த்தம் சொல்லுவேன். இப்படியே முந்நூறு புத்தகம் முடிச்சாச்சு. எட்டாவதோட நின்னவன்னு இனி எவனும் வாயைத் திறக்க முடியாது. (நான் நின்ன அன்னிக்கு ஹெட்மாஸ்டர் பள்ளிக்கூடத்தையே பூட்டிரலாமான்னு கண்ணீர் விட்டாரு. அது தனிக்கதை.)

முந்தாநாள் உன்னோடது சிக்கிருச்சு! பி. யுவராணி. பி-ன்னா பாண்டியராஜன், நம்ம மாப்பிள்ளை. விசயம், வெள்ளாட்டுக் குடல்புழு. "அக்கா கணக்குல்ல படிச்சாக?"ன்னு சுரேஷ்கண்ணன் இழுத்தான். "ஏலே, ஒரு ஆட்டு வயித்துல எத்தனை புழுன்னு எண்ணி எழுதியிருக்கா பாரு, அது கணக்கு இல்லாம கபடியா?"ன்னேன். 

அதைத்தான் அச்செடுத்து, கெட்டி அட்டை போட்டு, தங்க எழுத்துல உன் பேரைப் பொறிச்சு அனுப்பிருக்கேன். ஃபிளக்ஸுக்கும் சொல்லியாச்சு. பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்க, 'முனைவர் பா. யுவராணி'ன்னு. நடுவுல நீ, வலதுபக்கம் மாப்பிள்ளை, இடதுபக்கம் கூலிங்கிளாஸோட நான். பங்குனித் திருவிழாவுக்கு ரெண்டு பேரும் ஜோடியா வந்து இறங்கணும். சுருளிராஜன் இப்பவே கிடாயைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறான், "டாக்டரம்மா எப்ப வர்றாக? இது இரை எடுக்க மாட்டேங்குது"ன்னு.

ஊரே அண்ணாந்து பார்க்கும் உன் தாய்மாமன்,
பிச்சைமணி

*

கோயம்புத்தூர்
19.2.2025

அன்புள்ள மாமாவுக்கு யுவராணி எழுதுவது.

உங்கள் பார்சல் எங்கெங்கோ சுற்றி நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. தங்க எழுத்தைப் பார்த்ததும் சிரித்தேன். அப்புறம் கொஞ்ச நேரம் சிரிக்க முடியவில்லை.

மாமா, அந்த யுவராணி நான் இல்லை. அவர் கால்நடை மருத்துவம் படித்த வேறு யாரோ. புண்ணியவதி, நன்றாகவே எழுதியிருக்கிறார். ஒரே மூச்சில் இரண்டு அத்தியாயம் படித்துவிட்டேன். சுருளிராஜன் சித்தப்பாவிடம் கிடாயை உடனே கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். எனக்காகக் காத்திருந்தால் அது திருவிழாவைப் பார்க்காது.

என்னுடையது கிராஃப் லேபிளிங். கொஞ்சம் புள்ளிகள், அவற்றைச் சேர்க்கிற கோடுகள், எந்தப் புள்ளிக்கு எந்த எண் கொடுப்பது என்கிற கணக்கு. அது நெட்டில் ஏற நாளாகும். தேட வேண்டாம் மாமா, நானே ஒரு பிரதி கொண்டுவந்து தருகிறேன்.

ஃபிளக்ஸும் வேண்டாம். வைத்தே தீருவேன் என்றால் உங்கள் மாப்பிள்ளை படத்தையாவது எடுத்துவிடுங்கள். அவருக்கு அதெல்லாம் பிடிக்காது. திருவிழாவுக்கு வருவதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவருக்கு லீவு கிடைப்பது கஷ்டம்.

இனி வீட்டு முகவரிக்கு எதையும் அனுப்பாதீர்கள். பகலில் அங்கே ஆள் இருப்பதில்லை. எங்கள் துறை முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அதற்கே போடுங்கள். அம்மா பிரஷர் மாத்திரையைப் போடுகிறாளா? என்னிடம் "போடுறேன் போடுறேன்" என்கிறாள். நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மருமகள்,
யுவராணி

*

கடமலைக்குண்டு
3.3.2025

ஆத்தா யுவராணி,

மாத்திரை போடுறா. நானே அட்டையைப் பிரிச்சுப் பார்த்தேன்.

தேடாதேன்னு சொன்னா தேடாம இருக்கிற ஆளா உன் மாமன்? நீ எழுதுன அந்தக் கிராஃபைச் சுரேஷ்கண்ணன்கிட்டக் காட்டினேன். அடிச்சுப் பார்த்தான். அம்மாடி, இந்தப் புள்ளிக்கோட்டுல நம்ம தெக்கத்திப் புள்ளைக ஒரு படையே எறங்கியிருக்கு! ஒவ்வொருத்தராப் பார்த்துக்கிட்டே வந்தோம். கே. யுவராணின்னு ஒண்ணு வந்துச்சு. "நம்ம புள்ளை பி, தாண்டிப் போடா"ன்னுதான் சொன்னேன். அவன் நிறுத்திட்டான். "சர்டிபிகேட்டுல அப்பா இனிஷியல்தான இருக்கும் பெரியப்பா?"ன்னான். கருத்தக்கண்ணன் மச்சான் செத்து ஒன்பது வருசத்துல அவர் பேரு எனக்கு அந்த நேரம் பார்த்து மறந்துபோச்சு.

ஏற நாளாகும்னு நீ எழுதுனது அதுக்குள்ள ஏறிக் கிடக்கு. நன்றியைத் திறடான்னேன். திறந்தான்.

எனக்குப் புள்ளி தெரியாது, கோடு தெரியாது. ஆனா நன்றியில நான் கரை கண்டவன். ஏலக்காய்ப் பூச்சிக்காரியும் சரி, ஆட்டுப்புழுக்காரியும் சரி, கல்யாணம் ஆன பொண்ணு கடைசிக்குப் பக்கத்துல ஒரு வரி எழுதாம விட்டதில்லை. 'என் கணவர் பொறுமையா இல்லாட்டி இது நடந்திருக்காது'ன்னு. சண்டைக்காரிகூட எழுதியிருப்பா. நீ உன் கைடுக்குச் சொல்லியிருக்க. அப்பனுக்குச் சொல்லியிருக்க, அம்மாவுக்குச் சொல்லியிருக்க. 'உள்ளதைவிடப் பெரிய எண்களைச் சொல்லிக்கொடுத்த என் தாய்மாமனுக்கு'ன்னு எனக்கும் ஒரு வரி. அதை ரெண்டு தரம் படிக்கச் சொன்னேன். அப்புறம் மகளிர் விடுதி வார்டனுக்கும், ஒரே ரூம்ல இருந்த சிம்ரனுக்கும். அதோட முடிஞ்சுபோச்சு.

சுரேஷ்கண்ணன் ஒண்ணும் கவனிக்கலை, அடுத்ததைத் திறக்கப் போனான். மொத்தத்தையும் அச்செடுத்து வையின்னு சொல்லிட்டு நான் வெளிய வந்துட்டேன்.

வீடு வாசல் இருக்கிற பொண்ணுக்கு விடுதி வார்டன் எதுக்கு ஆத்தா?

நான் யார்கிட்டயும் கேட்கலை. உங்கம்மாகிட்ட மூச்சு விடலை. ஃபிளக்ஸ்காரனை நிறுத்தி வச்சிருக்கேன். டீக்கடையில "என்னப்பா பிச்சைமணி, ரேடியோ பாடலையா?"ன்னு கேலி பண்றாக. பல்வலின்னு சொல்லிருக்கேன்.

நீ எங்கன இருக்க?

மாமன்,
பிச்சைமணி

*

கோயம்புத்தூர்
10.3.2025

அன்புள்ள மாமா,

விடுதியில்தான் இருக்கிறேன். போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி கழிந்ததிலிருந்து.

அடி உதை எதுவும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் அரிவாளைத் தேட வேண்டாம். வெளியில் எல்லோரிடமும் "நான்தான் அவளைப் படிக்க வைக்கிறேன்" என்பார். காலையில் ஆபீஸ் கிளம்பும்போது என் லேப்டாப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வார். கேட்டால், "வீட்டு வேலை முடியட்டும்." ஆய்வேட்டைக் கொடுக்கிற நேரம் வந்ததும், பல்கலைக்கழகத்தில் எழுதிக்கொடுத்து இனிஷியலை மாற்று, இல்லையென்றால் கொடுக்கவே வேண்டாம் என்றார். "நாளைக்கு உலகமே நெட்டில் பார்க்கும், அதில் என் பேர் இருக்கணும்." நான் மாற்றவில்லை மாமா. ஒரு பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அம்மாவிடம் ஒருமுறை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "போன இடத்துல பொறுத்துப் போகணும். ஒத்தையில வந்து நின்னா நான் ஊருக்கு என்னடி பதில் சொல்லுவேன்?" என்றாள்.  உங்களிடம் சொல்லாததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். காலையில் உங்கள் காதில் விழுந்தால் மத்தியானம் வருசநாட்டில் இருக்கும், கொம்பும் வாலும் முளைத்து.

தேனியில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூனில் சேர வேண்டும். நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வர ஆசை. அம்மா சேர்த்துக்கொண்டால். இல்லாவிட்டால் தேனியிலும் ஒரு விடுதி கிடைக்கும், எனக்கு அது பழகிவிட்டது. ஆனால் பழகிவிட்டது என்று எழுதும்போதே பிடிக்கவில்லை.

அம்மாவிடம் நீங்கள் பேசுங்கள். உள்ளதை மட்டும் பேசுங்கள். அவரை அரக்கன் ஆக்க வேண்டாம், என்னைத் தெய்வம் ஆக்க வேண்டாம். ஒரு சொல் கூட்டாமல் உங்களால் சொல்ல முடியுமா மாமா?

யுவராணி

*

கடமலைக்குண்டு
18.3.2025

ஆத்தா,

சொல்லிட்டேன். ஆனா செத்துப் பிழைச்சேன்.

ஞாயித்துக்கிழமை போனேன். உங்கம்மா புளியில கொட்டை எடுத்துக்கிட்டிருந்தா. முதல் வேலையா அந்த போனை அணைச்சேன். அப்புறம் நீ எழுதுன வரிசையிலேயே சொன்னேன். பீரோ, சாவி, இனிஷியல், ஒரு பை, விடுதி, தேனி வேலை. நடுவுல மாப்பிள்ளை கன்னத்துல ஒண்ணு விட்டாருன்னு ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. எச்சியோட சேர்த்து முழுங்கிட்டேன்.

உங்கம்மா நம்பலை!

"ஏலே, என்ன கதைடா இது? எப்பவும் நல்லா விடுவியே, இன்னிக்கு உப்பு இல்ல, உறைப்பு இல்ல"ங்கிறா.

"சத்தியமா உண்மைக்கா."

"நீ சத்தியம் பண்ணும்போதே தெரியுது, பொய்யின்னு."

எனக்கு அழுகையே வந்துருச்சு. வாழ்க்கையில ஒரு தரம் உள்ளதைச் சொன்னா அதுக்கு இந்த மரியாதை. கடைசியில சுரேஷ்கண்ணன் அச்செடுத்த உன் புத்தகத்தை எடுத்து அவ மடியில வச்சேன். அட்டை கிடையாது, வெறும் தாள்தான். புளிக்கையைச் சேலையில துடைச்சிட்டுப் புரட்டுனா. புள்ளியும் கோடுமா வர்ற பக்கத்துல நின்னுட்டா.

"இத்தனையும் அவளா போட்டா?"

"அவதான்."

"பேரு எங்கன இருக்கு?"

முதல் பக்கத்தைக் காட்டினேன். "முன்னால ஒத்தையா நிக்குதே, அது என்ன எழுத்து?"ன்னா.

"கே. கருத்தக்கண்ணன் மச்சான்."

"இதைத்தான் மாத்தச் சொன்னாராக்கும்?"

ஆமான்னேன். வேற ஒண்ணும் சொல்லலை, நீ வேணும்னா கேட்டுப் பாரு. அழுதாளான்னு நீ யோசிப்ப. அழலை. அந்த எழுத்துமேல வச்ச விரலை எடுக்கலை. நான் பாதிப் புளிக்குக் கொட்டை எடுத்துட்டேன்.

அப்பப் பார்த்து எதிர்வீட்டு முனீஸ்வரி முறம் கேட்டு வந்தா. வந்தவ முறத்தை மட்டும் கேட்டாளா? "என்னக்கா, திருவிழாவுக்கு மகளும் மருமகனும் வர்றாகளாமே?"ன்னா. என்கிட்டப் பதில் தயாரா இருந்துச்சு ஆத்தா. கம்பெனியில மாப்பிள்ளையை ஜெர்மனிக்கு அனுப்பிட்டாகன்னு. அருமையான பதில், ரெண்டு வருசம் தாங்கும். வாயைத் திறந்தேன். உங்கம்மா என் தொடையில ஒரு தட்டுத் தட்டி அடக்கிட்டா.

"அவ மட்டும் வர்றா. இனிமே இங்கனதான் இருப்பா"ன்னா.

"ஏன்க்கா, மாப்பிள்ளை...?"

"அவ எங்க வீட்டுக்காரவுக பேரைத்தான போட்டிருக்கா? அப்ப அவுக வீட்டுக்குத்தான வரணும்."

முனீஸ்வரி முறத்தை வாங்காமயே போயிட்டா.

சாயங்காலம் உங்கம்மா என்னைக் கூப்பிட்டு, எந்த பஸ்ஸுல வர்றான்னு கேட்டு எழுதச் சொன்னா. எழுதிட்டேன். இதுக்கு மேல எழுதினா எதையாவது கூட்டிருவேன். நிறுத்திக்கிறேன்.

பிச்சைமணி