முப்பத்தெட்டுப் பெயர்கள், என் கையெழுத்தில்

20 ஜனவரி 2025, திங்கள்

நுண்கலை மன்றத்தில் பெயர் கொடுத்துவிட்டேன். ஒன்றரை வருடமாக வகுப்பு, பஸ், வீடு. கல்லூரியில் என்னைத் தெரிந்தவர்கள் மோகனப்பிரியாவும் நூலகத்து அண்ணாவும்தான். இனியாவது நாலு பேருக்குத் தெரியட்டுமே. அத்தா பைக் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டே, படிப்பு கெடாமல் பார்த்துக்கொள் என்றார். கெடுமா என்ன?

3 பிப்ரவரி

இன்றிலிருந்து பதினான்காம் தேதி கலைவிழா வரை மன்ற வேலைதான். ஞாயிறு போகப் பதினொரு நாள். ஓ.டி. கொடுப்பார்கள், அத்தனை நாளும் வகுப்பில் உட்கார்ந்ததாகவே கணக்கு. என் எழுத்து முத்து முத்தாக இருக்கிறதாம், ஓ.டி. பட்டியல் எழுதும் வேலையைச் செயலாளர் விக்ரம் என் தலையில் கட்டிவிட்டார். இங்கே ஒரு வழக்கம். பட்டியல் எழுதுபவர் தன் பெயரைத் தானே எழுதக் கூடாது. செயலாளர்தான் கடைசியில் தன் கையால் சேர்த்துக் கையெழுத்துப் போடுவார். முன்பு எவனோ தன் பெயரோடு தன் தெருவையே சேர்த்து எழுதிவிட்டானாம்.

12 பிப்ரவரி

மேடைத் துணி, நாற்காலி, நடுவர்களுக்கு மோர், எல்லாம் நான். தொண்டை கட்டிவிட்டது. விக்ரமின் நண்பர்கள் ஒன்பது பேர் பட்டியலில் இருக்கிறார்கள், அரங்கத்துப் பக்கமே வரவில்லை. கேட்டால், எல்லா வருடமும் இப்படித்தான், எழுதுங்க என்கிறார். எழுதினேன்.

மோகனாவும் கேட்டாள். "ஏய் இஃபத்து, என் பேரயும் போட்டுக்கோடி. அம்மா ஆபரேசன் பண்ணிகினு படுத்துகீது. நான் போய் நிக்கலன்னா அதோட வேல பூடும்." அம்பத்தூர் எஸ்டேட்டில் பார்சல் கட்டும் வேலை. அவள் பெயரை எழுதும்போது மட்டும் எனக்குக் கூசவில்லை.

14 பிப்ரவரி

"இஃபத் இல்லன்னா மன்றமே இல்ல" என்று விக்ரம் மைக்கிலேயே சொன்னார். பூந்தமல்லி வரும்வரை பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

17 மார்ச், திங்கள்

வருகை விவரம் ஒட்டியிருக்கிறார்கள். தேர்வெழுத எழுபத்தைந்து சதவீதம் வேண்டும். எனக்கு அறுபத்து மூன்று.

அலுவலகத்தில் ஓ.டி. தாளை எடுத்துக் காட்டினார்கள். முப்பத்தெட்டுப் பெயர், அத்தனையும் என் எழுத்து. அடியில் விக்ரம் கையெழுத்து. நான் இல்லை. படிக்காமலே போட்டிருக்கிறான். ஆமாம், போட்டிருக்கிறான். இனி இவனுக்கு என்ன மரியாதை?

18 மார்ச்

மன்றத்துக்குப் பொறுப்பு வசந்தகுமாரி மேடம். அவர் எதிரிலேயே விக்ரமைக் கேட்டேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று ஒத்துக்கொண்டால் அவன் பதவி போய்விடும். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "இவங்க வந்தாங்களான்னு சரியா ஞாபகம் இல்ல மேம்."

இவங்களாம். பதினொரு நாளும் உனக்கு டீ வாங்கியாந்தது யாருடா?

நோன்பு வாயோடு திட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீடு வந்தேன். நோன்பு திறந்ததும் திட்டினேன். தேர்வு எழுத முடியாவிட்டால் ஒரு வருடம் போச்சு. அத்தாவிடம் எந்த வாயால் சொல்வேன்?

20 மார்ச்

பட்டியலில் இருப்பவர்களிடம் போனேன். நான் வந்தேன் என்று ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். நான் கொடுத்த மோரைக் குடித்தவர்கள்கூடப் போடவில்லை. கிளறினால் அவர்கள் ஓ.டி.க்கும் வேட்டு வருமாம். என்னா ஜனமோ.

போட்டது ஒரே ஒருத்தி, மோகனா. அந்தப் பதினொரு நாளும் கல்லூரிக்கே வராதவள். இந்தச் சாட்சியை எங்கே கொண்டுபோய்க் காட்ட? மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

25 மார்ச்

மேடமிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சிலர் வரவே இல்லை, எழுதச் சொன்னார்கள், எழுதினேன் என்று. அவர் கத்துவார் என்றுதான் நினைத்தேன். பட்டியலையும் ஒரு சிவப்புப் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

"வராதவங்க பேரை நீயே அடி. அடிச்சுட்டு கடைசில உன் பேரை எழுது. ஒருத்தரை விட்டேன்னு தெரிஞ்சாலும் உனக்கும் கிடையாது."

விக்ரமின் ஒன்பது பேரையும் அடித்தேன். சந்தோஷமாகவே அடித்தேன், பொய் சொல்வானேன்.

மோகனா பெயரில் நின்றேன். மேடம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. தெரிஞ்சுட்டா? அந்த ஒம்பது பேர்ல ஒருத்தன் வாயத் தொறந்தா? என் வருசம் போயிடும். அத்தா முகம்—

அடிச்சிட்டேன். அடியில் என் பெயரை எழுதினேன்.

31 மார்ச்

பெருநாள். மோகனா தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சமையலறையை விட்டு நான் வெளியே வரவே இல்லை.

4 ஏப்ரல்

புதிய பட்டியல் ஒட்டியாயிற்று. எனக்கு எழுபத்தைந்து. பத்துப் பேருக்குத் தேர்வு இல்லை. விக்ரமுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். செயலாளர் செயலாளராகவே இருக்கிறார்.

21 ஏப்ரல், திங்கள்

முதல் தேர்வு. காலையில் கிளம்பும்போது மோகனா போன் செய்தாள். பின்னால் கம்பெனி இயந்திரச் சத்தம். இனி அங்கேயே நிரந்தரமாம், அம்மாவுக்குப் பதில்.

"அந்த விக்ரம்தான் போட்டுக் குடுத்துருப்பான்டி. உடு. நீ நல்லா எழுது, உனுக்காச்சும் கெடைச்சுதே."

ம் என்றேன்.

மூன்று மணி நேரம் எழுதினேன். எல்லாம் தெரிந்த கேள்விகள்.