நம் சமையலறையில் நடக்காத பேச்சு

அன்பு மகன் ஜாவியனுக்கு அம்மா எழுதுவது,

கர்த்தர் கிருபையால் நானும் உன் அப்பாவும் கை கால் ஓடியாடிக்கொண்டு இருக்கிறோம், உன் தங்கை கியேரா எல்லாவற்றிலும் குறை கண்டுபிடித்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாள், நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை. உங்கள் பக்கம் பனி கொட்டுகிறது என்று டிவியில் காட்டினார்கள். முழங்காலில் அந்த உறையைப் போட்டுக்கொண்டுதான் வெளியே போகிறாயா, ராத்திரி அறையில் வெப்பம் வருகிறதா, இல்லை ஃபுட்பால் டீமை விட்டு வந்தவனுக்கு இது போதும் என்று அதையும் நிறுத்திவிட்டார்களா? நீ போனை அணைத்து வைத்தது நல்லதுதான், அதில் வந்து விழுகிற வசவை எல்லாம் கியேரா எனக்குப் படித்துக் காட்டினாள், பாதிக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.  இந்த விஷயத்தைப் போனில் எழுதவே கூடாது என்று வக்கீலம்மாவும் சொல்லியிருப்பதால் பேனாவை எடுத்தேன். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, பஸ் ஸ்டீயரிங் பிடித்துப் பிடித்து விரல் மடங்க மறுக்கிறது.

அப்பா மறுபடியும் கோழி ஃபேக்டரிக்குப் போகிறார். உனக்குச் சொல்லக் கூடாது என்று கியேராவிடம் சத்தியம் வாங்கியிருந்தார், நான் சத்தியம் செய்யவில்லை, அதனால் எழுதுகிறேன். உன் பணம் வர ஆரம்பித்ததும் முதுகு தாங்கவில்லை என்று வேலையை விட்டாரே, இப்போது பழைய இடம் கிடைக்கவில்லை, குளிர் அறையில் கோழி தொங்கவிடுகிற வேலைதான் கொடுத்திருக்கிறார்கள், மேற்பார்வைக்கு இருக்கிற பையனுக்கு உன் வயசுதான் இருக்கும். அவன் இவரைப் பார்த்து, "என்ன ஓடெல், மகன் பெரிய கோடீஸ்வரன்னு சொன்னாங்க, இங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டானாம். இவர், "கோழிங்க என்னைத் தேடுச்சாம், அதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து அதை எனக்குச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் சாப்பாட்டைத் தொடவில்லை. நான் ஓட்டுகிற ஸ்கூல் பஸ்ஸிலும் கதை அதுதான். மூன்றாவது வரிசையில் உட்காருகிற ஒரு பெண் குழந்தை, முன்பல் இன்னும் முளைக்கவில்லை, "மிஸ் லொரெட்டா, காசு குடுத்தாத்தான் உங்க பையன் பந்தைத் தொடுவானாமே, எங்கப்பா சொன்னாரு" என்றது. பஸ்ஸை ஓரங்கட்டினேன். "உங்கப்பா மரமில்லுல சும்மாவா பலகை தூக்குறாரு? இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அதைக் கேட்டுட்டு வா கண்ணு" என்றேன். குழந்தை மேல் கோபப்பட்டு என்ன பிரயோஜனம், ஆனாலும் கோபம் வந்தது, மறைப்பானேன். உன் படம் போட்டு ஊர் எல்லையில் வைத்திருந்த பலகையையும் எடுத்துவிட்டார்கள். புயல் வந்தால் விழுந்துவிடும் என்று காரணம் சொன்னார்கள். எந்தப் புயலோ!

இப்போது முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். உன்னைத் தன் யூனிவர்சிட்டி டீமுக்குக் கேட்டு கோச் ஹார்ட்மன் நம் வீட்டுக்கு வந்த சாயங்காலத்தை நான் மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கூடவே அந்தக் கார் வியாபாரி, டீமுக்குப் பணம் திரட்டுகிற ஆதரவாளர் சங்கத்துத் தலைவர், வெள்ளை பூட்ஸ் போட்டவர். இரண்டு பேரும் என் வறுத்த கோழியையும் கீரையையும் சோள ரொட்டியையும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மாசாமாசம் இவ்வளவு, நீ நாலு வருஷமும் இருக்கிறவரை, காலில் அடிபட்டாலும் நிறுத்தமாட்டோம் என்று கோச் தன் வாயால் சொன்னார், கார்க்காரர் தலையாட்டினார். உன் அப்பா மெதுவாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எழுத்தில் ஏதாவது உண்டா என்று கேட்டார். "எழுதினா விதிப்படி தப்பாயிடும் மிஸ்டர் பெட்டவே, பையனை ஆடவே விடமாட்டாங்க. என் வாக்கு இருக்குல்ல" என்றார் கோச். அப்புறம் அவரே எழுந்து நின்று, ஜெபம் பண்ணலாமா என்று கேட்டார். ஒரு பக்கம் என் கை, ஒரு பக்கம் உன் கை. "கர்த்தாவே, இந்தக் குடும்பத்துக்கு நான் சொன்ன வார்த்தையை நிறைவேத்த எனக்கு பெலன் குடும்" என்று அவர் ஜெபிக்க நாம் எல்லோரும் ஆமென் சொன்னோம். அதற்கு மேல் நம் ஆட்களில் எவன் பத்திரம் கேட்பான்? ஆமென் சொன்ன பிறகு கையெழுத்துக் கேட்டால் அது கோச்சை மட்டுமா சந்தேகப்படுகிற மாதிரி இருக்கும்? அடுத்த வாரம் ஸ்கூல் ஜிம்மில் மேசை போட்டு, நீ எங்கே சேரப்போகிறாய் என்று காட்ட உன்னைக் கேட்ட மூன்று காலேஜின் தொப்பியையும் வைத்தார்கள், பக்கத்துக் காலேஜ் குறைவாகக் கொடுத்தாலும் எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தது, நீ அந்தத் தொப்பியைத் தொடாமல் கோச்சின் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தாய், ஊரே எழுந்து நின்று கத்தியது.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். முழங்கால் போனது, பணம் நின்றது. கோச்சைக் கேட்டால் சங்கத்தைக் கேள் என்றார், சங்கத்தைக் கேட்டால் அது கோச் சொன்னது, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள், யூனிவர்சிட்டியைக் கேட்டால் அப்படி ஒரு வாக்கையே நாங்கள் அறியோம் என்றது. கட்டிய காலோடு மறுபடி இறங்கி மோது என்று கோச் சொன்னபோது நீ ஆடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாய். நல்ல காரியம் செய்தாய். நானாக இருந்தால் தலைக்கவசத்தைக் கழற்றி அவர் காலில் போட்டிருப்பேன். நீ கேஸ் போட்டபின் உன் வக்கீல் மிஸ் ஹாலோவே வந்து கேட்டபோது நான் பைபிள் மேல் கை வைத்து, அந்தச் சாயங்காலம் காதால் கேட்டதை ஒன்று விடாமல் சொன்னேன்.

போன வாரம் அவர் மறுபடி வந்தார், முகமே சரியில்லை. யூனிவர்சிட்டிக்காரர்கள் சமாதானத்துக்கு வருகிறார்களாம். மீதி இருக்கிற ஒரு வருஷப் படிப்புக்கு ஃபீஸ், தங்க அறை, சாப்பாடு எல்லாம் தருவார்களாம். பதிலுக்கு நீ ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அப்படி ஒரு வாக்கு யாரும் கொடுக்கவில்லை, என் தாயார் தவறாகச் சொல்லிவிட்டார் என்று. போடாவிட்டால் இந்த மாசக் கடைசியில் அறையைக் காலி செய்ய வேண்டும், கேஸ் எத்தனை வருஷம் இழுக்கும் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். "எங்கம்மா பொய் சொன்னாங்கன்னு எழுதிக் குடுத்துத்தான் நான் படிக்கணும்னா எனக்கு அந்தப் படிப்பே வேண்டாம்" என்று நீ சொன்னாயாம். அவர் அதைச் சொல்லும்போது நான் சிங்க் பக்கம் திரும்பி, கழுவின தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன்.

உன் அப்பா முதலில், "அவன் என் பையன், சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்று மேசையைத் தட்டினார். மறுநாள் ஃபேக்டரியிலிருந்து வந்தவர் சட்டைப் பொத்தானைக் கழற்ற விரல் வராமல் நின்றார், நான்தான் கழற்றிவிட்டேன். அப்போது, "லொரெட்டா, படிச்சு முடிக்கச் சொல்லு அவனை, இந்தக் குளிருக்குள்ள அவன் வரக்கூடாது" என்றார். பாஸ்டரிடமும் போனேன். "சத்தியத்தை விக்கலாமா சிஸ்டர்?" என்றார். "உங்க பையன் பட்டம் வாங்கிட்டான் பாஸ்டர், என் பையன் இன்னும் வாங்கலை" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அது எனக்குத் திரும்பி வரும், வரட்டும்.

ஆகையால் மகனே, கையெழுத்துப் போடு. நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன். இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் ஒருத்தரும் லொரெட்டா பெட்டவே பொய் சொன்னாள் என்று சொன்னதில்லை. இப்போது என் மகன் கையெழுத்தோடு அது காகிதத்தில் இருக்கப்போகிறது. வலிக்கிறதடா. வலிக்கவில்லை என்று எழுதினால் அதுதான் பொய். ஆனால் என் பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன், பஸ் ஓட்ட அது வேண்டாம். உனக்குப் பட்டம் வேண்டும். நீ கட்டடம் கட்டுகிற படிப்பைப் பாதியில் விட்டு, அந்தக் காலோடு இங்கே வந்து நின்றால், அவர்கள் உன் காலையும் எடுத்து படிப்பையும் எடுத்ததாக ஆகும். எனக்காக நீ பட்ட ரோஷம் போதும், என் ராசா. அதிலேயே என் வயிறு நிறைந்துவிட்டது.

இன்னொன்றும் மிஸ் ஹாலோவே சொன்னார். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டபின் இதைப் பற்றி யாரோடும் பேசக் கூடாதாம், வீட்டுக்குள்ளே நாமேகூட. இனி நீ வருவாய், அதே மேசையில் உட்காருவாய், நான் பரிமாறுவேன், நீயும் பேசமாட்டாய் நானும் பேசமாட்டேன். அப்பாவும் கியேராவும் வாயைத் திறக்கமாட்டார்கள், அது என் பொறுப்பு. அதனால்தான் தெரிந்த கதையையே இவ்வளவு நீட்டி எழுதினேன். நீ கையெழுத்துப் போடுகிறவரை நமக்கு வாய் இருக்கிறது அல்லவா, கடைசியாக ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். அவர் வாக்குக் கொடுத்தார். நாம் நாலு பேரும் கேட்டோம்.

கர்த்தர் உன் காலையும் உன் மனசையும் சுகமாக்குவாராக, நீ போகும் வழியெல்லாம் அவர் முன்னே போவாராக. அப்பாவும் தங்கையும் ஆசீர்வாதமும் அன்பும் சொல்லச் சொன்னார்கள். கம்பளிக் காலுறை தனிப் பொட்டலத்தில் வருகிறது, வெட்கப்படாமல் போட்டுக்கொள். இதைப் படித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடு, மறந்துவிடாதே, கிழித்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும்.

உன்னைப் பெற்றவள்,
லொரெட்டா பெட்டவே