பனிவரைத் தேயிலையில் இரும்பு அளந்தது

மழை தவறாதிருக்க, துறை வறளாதிருக்க. அலைவாய் நாட்டு அரசுகட்டில் ஏறியவளும் உப்பளங்கள் அனைத்துக்கும் உடையவளுமான எழினங்கை, பனிவரை நாட்டு மன்னரும், முகில் தங்கும் குன்றுகளுக்குக் கோனும், தம் தேயிலையைத் தாமே புகழ்வதில் நிகரற்றவருமான மழவரையருக்கு விடுக்கும் ஓலை. உமது நாட்டு மக்கள் நலமே வாழ்க. அவர்கள்பால் எமக்குக் குறையொன்றும் இல்லை.

சென்ற கார்காலத்தில் உம் தூதர் வெண்ணாகனார் எம் அவைக்கு வந்து, உமது தேயிலையில் இரும்பு மிகுந்திருப்பதாகவும், குருதி குன்றியோர் அதன் நீரைப் பருகினால் தேறுவர் என்றும், அதற்கு ஈடாக எமது தென்துறையை உமது வணிகருக்கே ஒதுக்கித் தரவேண்டும் என்றும் உரைத்தார். அவையோர் காண இலையை எரித்து, சாம்பலைப் புளித்த காடிநீரில் கரைத்து, கடுக்காய் நீரை விட்டார். கரைசல் மைபோல் கறுத்தது. கடுக்காயோடு சேர்ந்த இரும்பு கறுக்கும் என்பதை எம் சாயக்காரர்களும் அறிவர், ஆதலால் நம்பினோம்.

அந்நாளில் எம் தங்கை பூதி, மகப்பேற்றில் குருதி இழந்து, சுவரைப் பற்றாமல் நிற்கமாட்டாதவளாய் இருந்தாள். எம் மருத்துவச்சி கொற்றியார் கொடுத்துவந்த இரும்புச் செந்தூரத்தை, இரண்டும் சேர்ந்தால் சூடு மிகும் என்று சொல்லி உம் தூதர் நிறுத்தச் செய்தார். வேளைதோறும் உமது தேநீரே புகட்டப்பட்டது. அவள் உதடு வெளுத்தது. பிள்ளையை ஏந்தும் வலுவும் கையை விட்டுப் போயிற்று. இன்னும் கடுமையாகக் காய்ச்சிக் கொடுக்குமாறு உம் தூதர் அறிவுரைத்தார். பூதி கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, “அக்கா, இதில் என்ன இருக்கிறதென்று நம்மில் யாராவது பார்த்தோமா?” என்று கேட்டாள்.

கொற்றியார் பார்த்தார். உம் தூதர் சோதித்தது இலையை. எம் தங்கை பருகியதோ அதன் நீரை. ஆகவே தேநீரை வற்றக் காய்ச்சி, எஞ்சியதை எரித்து, அச்சாம்பலையும் அவ்வாறே கரைத்துக் கடுக்காய் நீர் விட்டார். பக்கத்தில், நிறுத்துக் கரைத்த இரும்பைச் சிறிது சிறிதாகக் கூட்டிய கிண்ணங்களை அடுக்கி, நிறத்தோடு நிறம் ஒப்பிட்டார். மிகக் குறைந்த இரும்புள்ள கிண்ணத்துக்கும் கீழே நின்றது உமது தேநீரின் நிறம். இரும்பெல்லாம் வடிகட்டி எறிந்த சக்கையிலேயே கிடந்தது. அதை எம் மாடுகள் தின்றன. அவை நலமாக உள்ளன. மேலும், இரும்பு கரைந்த நீரில் உமது தேநீரை ஊற்றியதும், அது கறுத்துத் திரிந்து அடியில் தங்கியது. சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பையும் உடல் கொள்ளாதபடி உமது மருந்து பிடித்துவைத்திருக்கிறது என்று கொற்றியார் தெளிந்தார்.

இவற்றைக் காட்டிக் கேட்டபோது உம் தூதர், இலையில் உள்ளது நீரில் இறங்காது என்பதைத் தம் மன்னரும் அறிவார் என்றும், அதை அவையில் சொல்லலாகாது என்பதே தமக்கு இடப்பட்ட ஆணை என்றும் கூறினார்.

துறைக்காகப் படை எடுத்து வந்திருந்தால் உம்மைப் பகைவர் என்றாவது அழைத்திருப்போம். பிள்ளை பெற்றுப் படுத்திருந்த பெண்ணின் கிண்ணத்தின் வழியே துறைக்குள் நுழையப் பார்த்தவரை எப்படி அழைப்பது என்று இவ்வோலை எழுதுபவர் எம்மைக் கேட்கிறார். எமக்கும் சொல் அகப்படவில்லை.

தேநீரை நிறுத்திச் செந்தூரத்தைத் தொடர்ந்தபின் பூதி தேறிவருகிறாள். நேற்று பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டு முற்றம்வரை நடந்தாள். இதை உமது நல்லூழ் என்று கொள்க. இல்லையேல் ஓலைக்கு மாறாக வேறொன்று வந்திருக்கும்.

ஆதலால் நாம் இடும் ஆணை இது. தென்துறை உமக்கு இல்லை. மருந்தென்று முத்திரை குத்தி வந்த மூட்டைகள் யாவும் இவ்வோலையோடு திரும்புகின்றன. வெண்ணாகனார் உம்மிடம் திரும்ப அஞ்சுகிறார். அவர் இங்கேயே இருப்பார்.

உமது தேயிலை நல்ல தேயிலை. மணமும் சுவையும் உடையது. கொற்றியாரே மாலையில் விரும்பிப் பருகுகிறார். அதைத் தேயிலை என்றே சொல்லி விற்க உமக்கு மனம் வருமாயின், உமது வணிகர் எம் சந்தைக்கு வரலாம். மற்றவரைப்போல் சுங்கம் செலுத்தி, மற்றவரைப்போல் வரிசையில் நின்று. நீரே நேரில் வந்தாலும் அவ்வரிசைதான்.

எழினங்கை சொல்ல எழுதி, சங்கு முத்திரை இட்டது. மறுமொழி வேண்டா.