வேப்பிலை இல்லாத ஆட்டம்

செனகல்
5 ஜனவரி 2026

என் செல்லப் பாப்பாவுக்கு,

அம்மா நலம். முழங்கால் மட்டும் கொஞ்சம் முனகுகிறது. நீ ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிடுகிறாயா, இல்லை மூன்று வேளையும் மொஹிங்கா நூடுல்ஸ் கடைதானா என்பதை முதலில் எழுது.

யாங்கோனுக்குள்ளேயே தின்கன்ஜூனிலிருந்து லத்தாவுக்குப் பஸ் ஏறவே உன் கையைப் பிடித்துக்கொள்கிறவள், மூன்று விமானம் மாறி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு வந்துவிட்டேன். எல்லாம் ஃபக்ருன்னிசாவின் வேலை. லத்தாவில் ஒன்றாகப் படித்த காலத்திலிருந்தே அவள் நினைத்தால் நினைத்ததுதான். கோலாலம்பூரில் இருந்துகொண்டு, மருமகளோடு மேளமும் ஆட்டமும் கற்றுவரப் பதிவு செய்தாள். மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்றதும் அந்த இடத்தில் என்னைத் திணித்துவிட்டாள். பன்னிரண்டு பெண்களில் சேலை கட்டி வந்தவள் நான் ஒருத்தி. அதுவும் முதல் நாளோடு சரி, இப்போது நம் ஊர் லொங்ஜிக் கைலிதான்.

காலையில் ஜெம்பே. உரல் மாதிரி மரத்தில் ஆட்டுத்தோல் போர்த்திய மேளம். கால்களுக்கு நடுவே இடுக்கி வெறுங்கையால் அடிக்க வேண்டும். என் உள்ளங்கை பூரியாக உப்பிவிட்டது. சாயங்காலம் கடற்கரை மணலில் ஆட்டம். மேளம் சொல்லித்தருகிறவர் மாமடு. ஆட்டம் சொல்லித்தருகிறவள் அவர் மனைவி, அவா என்று பெயர். நான் நாலு அடி வைத்ததுமே, இவள் ஏற்கெனவே ஆடியவள் என்று அவா ஃபக்ருன்னிசாவிடம் சொன்னாளாம். ஆடி மாதம் தவறாமல் காளியாத்தா என் மேல் இறங்கிக் குறி சொல்வதை இவர்களுக்கு எப்படி விளக்குவது? சிரித்து வைத்தேன்.

சாப்பாடு மீனும் சோறும். நாம் கோழிக்குப் போடும் நொய்யைத்தான் இங்கே விரும்பிச் சமைக்கிறார்கள். நல்ல ருசி.

ஒசாக்கா முதியோர் இல்லத்திலிருந்து உனக்கு மறுபடியும் வேலைக் கடிதம் வந்ததே, என்ன பதில் போட்டாய்?

அன்புடன்,
அம்மா சத்யபாமா

பி.கு: ஃபக்ருன்னிசா இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். நீ பதிலைத் தமிழில் எழுது, விட்டால் மறந்துவிடுவாய்.


யாங்கோன்
8 ஜனவரி 2026

அன்புள்ள அம்மாவுக்கு,

கரண்ட் இருக்கும் நாலு மணி நேரத்தில் மோட்டார் போட்டு, சோறு வடித்து, போனுக்குச் சார்ஜ் ஏற்றிவிட்டு இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் திட்டாதீர்கள். கோயில் வகுப்பில் படித்த தமிழ் இவ்வளவுதான். இருபத்தேழு வயதில் என்னைப் பாப்பா என்று எழுதியதைப் படித்து ஃபக்ருன்னிசா ஆன்ட்டி சிரித்திருப்பார்.

முழங்கால் எண்ணெய் பையின் பக்க அறையில் இருக்கிறது. முகத்தில் தனகாப் பட்டை அரைத்துப் பூசாமல் வெயிலில் இறங்காதீர்கள். கோயிலில் உறுமி அடிக்கும் தனசேகரன் மாமா தினமும் உங்களைக் கேட்கிறார். "ஒங்கம்மா அங்க மேளம் படிக்கிறாங்களாமே, அப்ப ஆடிக்கு எனக்கு வேலை இல்லையா?" என்றார்.

ஒசாக்காக்காரர்கள் ஜனவரி இருபதுக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்கிறார்கள். இதற்குப் பிறகு கேட்க மாட்டார்களாம். நான் அனுப்பப்போவதில்லை. இரண்டு வருஷம் ஜப்பான் மொழி படித்ததும் பரீட்சை எழுதியதும் உண்மைதான். ஆனால் போன ஆடியில், தெருவே பார்த்து நிற்க, ஆத்தா உங்கள் வாயால் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? நீங்களும் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

மூன்று வேளையும் மொஹிங்கா இல்லை. இரண்டு வேளைதான்.

உங்கள் மகள்,
தமிழ்மணி


செனகல்
12 ஜனவரி 2026

பாப்பாவுக்கு,

எடுக்காதே என்று நீ சொன்ன பேச்சைத்தான் எடுக்கப்போகிறேன். கோபப்படாமல் கடைசி வரை படி.

நேற்று ஆட்டத்தில் நான் ஒரு கூத்து அடித்துவிட்டேன். இங்கே எல்லாரும் வட்டமாக நிற்க, ஒவ்வொருவராக நடுவில் போய் ஆட வேண்டும். ஆடுகிறவளின் காலைப் பார்த்துப் பார்த்து மாமடு அடிப்பார். பிறகு திடீரென்று வேறு மாதிரி ஒரு கொட்டு. அதைக் கேட்டால் ஆட்டத்தை முடித்து வெளியே வந்துவிட வேண்டும். இதை அவா பத்துத் தடவை சொல்லியிருந்தாள். ஆனால் நம் கோயிலில் கொட்டு மாறினால் ஆத்தா நெருங்கிவிட்டாள் என்றல்லவா அர்த்தம்? முப்பது வருடப் பழக்கம், கால் கேட்கவில்லை. மாமடு முடி முடி என்று அடிக்க அடிக்க நான் இன்னும் வேகமாகச் சுற்றினேன். அந்த மனுஷனும் விடாமல் என் காலோடு ஓடி வந்தார். கடைசியில் மூச்சு வாங்கி நின்றபோது என் கை தானாக வேப்பிலைக்கு நீண்டது. யாரோ அதில் தண்ணீர் பாட்டிலை வைத்தார்கள்.

பாப்பா, யாரும் கற்பூரம் ஏற்றவில்லை. யாரும் குறி கேட்கவில்லை. கைதட்டினார்கள், அவ்வளவுதான். ஆத்தா வரவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆடியது நான்தான், சந்தோஷத்தில் ஆடினேன். ஆத்தா வராமல் ஆடினால் உடம்பு எப்படி இருக்கும் என்பது எனக்கு முன்பே தெரியும். போன ஆடியிலும் அப்படித்தான் இருந்தது.

அன்று தனசேகரன் உறுமியை ஏற்றிக்கொண்டே போனார். கூட்டம் காத்து நின்றது. ஆத்தா இறங்கவில்லை. நீ ஒசாக்கா கவரை மஞ்சள் துணியில் சுற்றி உத்தரவு கேட்க வந்து என் முன்னால் நின்றாய். அதைப் பார்த்ததும் நீ போய்விடுவாய் என்று பயம் வந்தது. அப்பா போன பிறகு எனக்கென்று இருப்பவள் நீ ஒருத்திதான். போக வேண்டாம் என்று சொன்னவள் நான், ஆத்தா இல்லை. மற்ற வருடங்களில் என் மேல் வந்தவள் அவள்தான், அதில் பொய் இல்லை. அந்த ஒரு நாள் மட்டும் அவள் பெயரைச் சொல்லி உன்னைப் பிடித்து வைத்துக்கொண்டேன்.

இதைச் சொல்ல ஐந்து மாதமாக வாய் வரவில்லை. நீ என்னை என்ன நினைத்தாலும் சரி, இருபதாம் தேதிக்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும்.

அம்மா


யாங்கோன்
15 ஜனவரி 2026

அம்மா,

எனக்கு அன்றைக்கே தெரியும்.

ஆத்தா வரும்போது யாராக இருந்தாலும் மகளே, மகனே என்றுதான் கூப்பிடுவாள், குரலும் கட்டையாக இருக்கும். அன்று நீங்கள் சொன்னது, "போகாத பாப்பா." ஆத்தாவுக்கு நான் பாப்பா இல்லை. இந்த உலகத்தில் என்னை அப்படிக் கூப்பிட ஒரு ஆள்தான் உண்டு.

ஆத்தாவே சொல்லியிருந்தால் ஒரு தேங்காயை உடைத்து, மன்னித்துக்கொள் தாயே என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பேன். நீங்கள் சொன்னதால்தான் நின்றேன்.

கோபமே இல்லை என்று எழுதினால் அது பொய். நிறைய இருந்தது. வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குப் பயமாக இருக்கிறது என்று நேராகச் சொல்லியிருந்தால் இருவரும் அழுது முடித்து ஒரு வழி பார்த்திருப்போம். ஊர் முன்னால் நீங்கள் சொன்னதால் எனக்கு வாயே இல்லாமல் போனது. அதற்காகத்தான் இரண்டு மாதம் உங்களோடு சரியாகப் பேசவில்லை. வேலை அதிகம் என்று சொன்னேன், நீங்களும் நம்பியது போல இருந்தீர்கள்.

ஆனால் கொட்டு மாறிய பிறகும் நீங்கள் சுற்றியதைப் படித்துவிட்டு, இருட்டில் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து வீட்டு டோ கின் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கடிதம் மேசை மேல் இருக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இந்தத் தடவை ஆத்தா வேண்டாம், உறுமியும் வேண்டாம். நீங்கள் அம்மாவாக ஒரு வார்த்தை எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பேன்.

தமிழ்மணி


செனகல்
17 ஜனவரி 2026

என் பாப்பாவுக்கு,

நேற்று முழுக்க அழுதேன். ஃபக்ருன்னிசா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, எழுதப்போகிறாயா இல்லையா என்று அதட்டி இந்தத் தாளைக் கொண்டுவந்து வைத்தாள்.

இன்று சாயங்காலம் கடைசி ஆட்டம். மாமடு கொட்டை மாற்றியதும் நின்றுவிட்டேன், ஒரு சுற்றுகூடக் கூடுதல் இல்லை. ஆட்டம் முடிந்தால் இவர்கள் மேளத்துக்கு முன்னால் மண்ணைத் தொட்டு நெஞ்சில் வைத்துக்கொள்கிறார்கள். நானும் வைத்துக்கொண்டேன்.

இருபத்தொன்றாம் தேதி வந்து இறங்குகிறேன். விமான நிலையத்துக்கு வராதே. டாக்சி பிடித்து நானே வீட்டுக்கு வருவேன். நீ போன பிறகு அந்த வீட்டில் தனியாக இருப்பதை நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. மறைக்காமல் எழுதிவிட்டேன்.

கையெழுத்துப் போட்டு அனுப்பு. அம்மா சொல்கிறேன், போய்ட்டு வா பாப்பா.

அம்மா