ரஸ்மாவின் கிண்ணம்

ஓம்ஸ்க், சைபீரியா
2 செப்டம்பர் 1956

அன்புத் தங்கை வெல்டாவுக்கு,

அக்கா ஆஸ்ட்ரா ஆசையோடு எழுதுவது. நீ அனுப்பிய சீமைச்சீரகத்தைப் போட்டு நேற்று ரை ரொட்டி சுட்டேன். இங்கே இருக்கும் நம் லாட்வியப் பெண்கள் வாசனை பிடித்தே வந்துவிட்டார்கள். “ரஸ்மா இப்ப எவ்ளோ உயரமாம்? தங்கச்சி எழுதுனாளா?” என்று கேட்டுக்கொண்டேதான் தின்றார்கள். ஏழு வருஷமாக உன் கடிதங்களை வாசித்துக் காட்டுகிறேனே, என் மகளை எல்லாரும் சேர்ந்துதான் வளர்க்கிறோம்.

1949 மார்ச்சில் எங்களைச் சைபீரியாவுக்குப் பிடித்துக்கொண்டு போன அன்று அவள் உன் வீட்டில் இருந்தது கடவுள் செயல். ஆனால் ஒரு குறை. பதினொரு வயதுப் பெண், அம்மாவுக்கு ஒரு வரி எழுதமாட்டாளா? கோபமா?

விடுதலைத் தாள் விரைவில் வரும் என்கிறார்கள். வந்ததும் புறப்படுவேன்.

உன் ஆஸ்ட்ரா

குல்டிகா, லாட்வியா
3 நவம்பர் 1956

அக்கா,

இரண்டு மாதம் பதில் எழுதாமல் இருந்தேன். நீ வாசலில் வந்து நிற்கும்போது இதைச் சொல்ல என்னால் ஆகாது.

ரஸ்மா இல்லை. உன்னைக் கொண்டுபோன அந்த 1949-லேயே, டிசம்பரில், தொண்டை அடைப்பான் வந்து போய்விட்டாள். கடைசியாகப் புளித்த பார்லிக் கஞ்சி கேட்டாள். விழுங்க முடியவில்லை. “சித்தி, நீ குடி. நான் பாத்துட்டிருக்கேன்” என்றாள். குடித்தேன்.

உனக்கு எழுத உட்கார்ந்தேன். ‘நன்றாகச் சாப்பிடுகிறாள்’ என்று கை எழுதிவிட்டது. பிறகு நிறுத்த முடியவில்லை. ஆனால் அவளுக்குச் சமைத்ததாக எழுதியதெல்லாம் பொய் இல்லை, அக்கா. கேரட் அடை, கொழுப்பு வறுத்துப் போட்ட சாம்பல் நிறப் பட்டாணி, எல்லாம் சமைத்தேன். செத்தவர்களுக்கு இலையுதிர் காலத்தில் படைப்போமே, நான் வருஷம் முழுக்கப் படைத்தேன்.

பக்கத்துப் பண்ணை எமீலியா திட்டுகிறாள்: “அடிப்பாவி, சாப்பாடு வச்சு வச்சே புள்ளையப் போகவிடாம புடிச்சு வச்சிருக்கியே!”

இருக்கலாம். மத்தியானத்தில் நாற்காலி நகரும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சின்னக் கிண்ணம் அவளுக்குப் போதவில்லை, பெரியதாக மாற்றினேன்.

என்னை மன்னிக்க வேண்டாம். வந்துவிடு.

வெல்டா

ஓம்ஸ்க்
9 டிசம்பர் 1956

வெல்டா,

உன் கடிதத்தைப் பனியில் நின்றபடி படித்தேன். உள்ளே வந்தால் பெண்கள் காத்திருக்கிறார்கள். “சும்மா நிக்கிறியே, வாசிடி!” என்றார்கள். வாசித்தேன். ரஸ்மா இப்போது தானே ரொட்டி மாவு பிசைகிறாள் என்று, தாளில் இல்லாததை வாசித்தேன். குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. உன்னைத் திட்டும் யோக்கியதை அத்தோடு எனக்குப் போயிற்று.

விடுதலைத் தாள் வந்து ஒரு மாதமாகிறது. மற்றவர்கள் பனி உருகியதும் கிளம்புகிறார்கள். நான் வரவில்லை. அங்கே வந்தால் நீ என்னைக் கல்லறைக்குத்தான் கூட்டிப்போவாய். இங்கே அவளுக்குப் பதினொரு வயது.

எமீலியா பேச்சைக் கேட்காதே. கிறிஸ்துமஸ் முடிந்ததும், ரஸ்மாவுக்கு என்ன சமைத்தாய் என்று எழுது. சாப்பிட்டாளா என்றும் எழுது.

ரஸ்மாவின் அம்மா