தோர்கிலின் கையுறை

அக்டோபர் 6
காலையில் மூன்றாம் கொட்டகையில், ரோமத்துக்காக நான் வளர்க்கும் கீரி போன்ற மிங்குகளில் நாற்பத்தொன்று செத்துக் கிடந்தன. எல்லாவற்றின் மூக்கிலும் ரத்தம். நேற்று மாலை தீவனத்துக்குக் கூண்டில் எகிறிக் குதித்தவை. ரோமம் முற்றித் தோலுரிக்க இன்னும் ஐந்தே வாரம்.

அக்டோபர் 7
நூற்றுப் பன்னிரண்டு. கால்நடை மருத்துவர் பிர்த்தே நுரையீரலை அறுத்துப் பார்த்தார். நிமோனியா. பக்கத்துப் பண்ணைத் தோர்கிலிடம் இரண்டு வாரம் முன்பு இதே சாவுதான். போன வாரம் அவன் தன் கையுறையோடு வந்து என் மிங்குகளைத் தூக்கிப் பார்த்தானே? நோய் வேறு எப்படி வரும்?

அக்டோபர் 9
மிங்க் பண்ணைக்காரர் சங்கக் கூட்டம். காபி நேரத்தில், ஆறு பேர் எதிரில், தோர்கிலிடம் சொல்லிவிட்டேன்: "உன் கையுறைதாண்டா கொன்னுச்சு." கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனான். சொன்னது சொன்னதுதான்.

அக்டோபர் 17
சாவு குறைகிறது. தோர்கில் வேலிப்பக்கம் வருவதில்லை. நல்லது.

அக்டோபர் 30
பதினாறு வருஷமாக முதலில் அவன் பண்ணை, பிறகு என்னுடையது என்று சேர்ந்துதான் தோலுரிப்போம். இந்த வருஷம் அவனிடம் யாருமே போக மாட்டார்களாம். கிருமி பயம். நான் கிளப்பியது — எனக்கென்ன?

நவம்பர் 10
கோபன்ஹேகன் ஆய்வகத்தின் முடிவோடு பிர்த்தே வந்தார்.
"கிருமியோட பேர்தான் ஒண்ணு, ஏனர். மரபணுவைப் பார்த்தா, உங்க கிருமிக்கும் தோர்கில் பண்ணைக் கிருமிக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. உங்க பண்ணையிலயே மூணு வகை இருக்கு."
"அப்ப எங்கேர்ந்து வந்துச்சு?"
"ஒண்ணு உங்க தண்ணிக் குழாய் அழுக்குல இருந்துச்சு. மத்த ரெண்டும் தெரியல. மண்ணு, தண்ணி, எங்க வேணா இருக்குற கிருமி இது."
குழாய். கோடையிலேயே கழுவியிருக்க வேண்டும். தள்ளிப்போட்டேன். அட மடையா! ஆறு பேர் எதிரில்...

நவம்பர் 11
தோர்கில் பண்ணைக்குப் போனேன். தனியாக உரித்துக்கொண்டிருந்தான். ஆய்வகக் காகிதத்தை நீட்டினேன். இரண்டு முறை படித்தான். ஆணியில் புதுக் கையுறை தொங்கியது.
"பழசு எங்கடா?"
"நீ சொன்ன அன்னைக்கே எரிச்சிட்டேன். நான்தான் கொன்னுட்டேன்னு நெனச்சேன். ஒரு மாசமா சரியா தூங்கல."
"தப்புப் பண்ணிட்டேண்டா" என்றேன், ஒருவழியாக.
அவன் இன்னொரு தோலுரிக்கும் கத்தியைத் தீட்டி என் பக்கம் வைத்தான்.

நவம்பர் 13
சங்கம். அதே ஆறு பேர். காகிதத்தை உரக்க வாசித்தேன். என் குழாயைப் பற்றிய வரியையும் விடவில்லை.

நவம்பர் 19
இருவருமாகத் தோர்கில் பண்ணையில் உரித்து முடித்தோம். நாளை என்னுடையது. கிளம்பும்போது கேட்டான்: "குழாயைக் கழுவிட்டியா? இல்லேன்னா நான் வர மாட்டேன். என் கையுறை புதுசு."
கழுவியாகிவிட்டது.